பூட்டாமல் விட்ட கார்

2019 மார்ச் 4: கண்ணாடி, 285 டாலர்.
2020 செப்டம்பர் 19: கண்ணாடி, 310 டாலர்.
2021 ஜனவரி 11: கண்ணாடி, 340 டாலர்.

திருடர்கள் மூன்றாவது முறை கார் கண்ணாடியை உடைத்த அன்று, வண்டியை எடுக்க முடியாமல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஓட்டிஸ் பெட்வேயின் மனைவி லோரீனுக்கு டயாலிசிஸ் தவறிப்போனது. அதன்பின் ஓக்லாந்தில் பலரும் செய்வதையே அவரும் செய்தார். காரைக் காலி செய்து பூட்டாமல் விட்டு, "உள்ளே ஒன்றுமில்லை, கதவு திறந்திருக்கிறது, உடைக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டினார். ஓராண்டுக்கு மேல் கண்ணாடி பிழைத்தது. 2022 ஏப்ரல் 12 அன்று காரே போய்விட்டது.

லோரீனை வாரம் மூன்று நாள் அழைத்துப்போக வேறு கார் வாங்க, இன்ஷூரன்ஸ் பணம் வந்தாக வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: கார் பூட்டியிருந்ததா?

"பூட்டியிருந்துச்சுன்னு எழுதுங்கண்ணே," என்றான் பக்கத்து வீட்டு டெரல். "திருடனா வந்து சாட்சி சொல்லப்போறான்?"

"அந்தச் சீட்டத் தெருவே படிச்சிருக்கு," என்றாள் லோரீன். "ஏங்க, நீங்க உள்ளத எழுதுங்க. பணம் வரலன்னா டெரல் கூட்டிட்டுப் போவான். அவன் வாய்க்கு அதான் தண்டனை."

பூட்டாமல் விடத் தொடங்கிய தேதியையும் காரணத்தையும் சேர்த்தே ஓட்டிஸ் எழுதினார். நான்கு வாரம் லோரீன் டெரலின் வண்டியில் போய்வந்தாள். காருக்கான தொகையைத் தருவதாகச் சொன்ன கடிதம் 2022 மே 9, திங்கட்கிழமை வந்தது.