முழங்கால் தடம்

மெருகக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. இருபத்தாறு வருஷமாக அந்தப் பழைய மாடி வீட்டு மரத்தரைக்கு மெருகு போட்டுப் போட்டு இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அது லேசுப்பட்ட வீடில்லை. நாடு பிறந்தபோது ஆறு பேர் கூடி உட்கார்ந்து முதல் சட்டத்தை எழுதிய இடம். இப்போது அரசாங்கக் காட்சியகம்.

அக்காவுக்கு வேலை எட்டு மணிக்கு. ஆனால் ஆறரைக்கே சாவியோடு ஆஜர். என்ன ஒரு கடமை உணர்ச்சி என்று எல்லோரும் மெச்சினார்கள். கடமையாவது கத்தரிக்காயாவது! அவள் வீட்டில் ரெண்டே அறை, ஏழு உருப்படி. விடிந்தால் குளியலறைக்கு அடிதடி. அந்தச் சந்தைக்கடையில் கடவுளோடு நாலு வார்த்தை தனியாகப் பேச முடியுமா? அதனால் காட்சியகத்து மாடியறையில், ஜன்னலடியில் மண்டி போட்டுப் பேசிவிட்டு வாளியைத் தூக்குவாள். எத்தனை தரம் மெருகு போட்டாலும் அங்கே மட்டும் ரெண்டு வட்டம் தேய்ந்து வெளுத்துக் கிடந்தது.

ஒருநாள் யாரோ அந்த வட்டங்களைக் காட்டி என்னவென்று கேட்டார்கள். சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் வாய் வெந்தா போகும்? "ஆறு பேரில் மூத்த தலைவர் தினமும் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்த இடம்" என்று அளந்துவிட்டார். அதற்குக் கண் காது மூக்கு முளைத்தது. பேப்பரில் வந்தது. சுற்றிக் கயிறு கட்டினார்கள். கடைசியில், தலைவரே அப்படிப் பிரார்த்தித்தார் என்றால் சட்டசபையும் பள்ளிக்கூடமும் அதே முறையில் மண்டியிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று தீர்மானமே தயாராகிவிட்டது. நேரில் பார்த்து முடிவு சொல்ல ஒரு குழு வருகிறதாம்.

"நம்ம முறைதானாம்டி தலைவருக்கும்!" என்று புருஷன் தலைகால் புரியாமல் குதித்தான். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும். ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டே மாசம். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

வாசல் காவலாளி கடவுளே இல்லை என்கிற ஆள். டீ குடிக்கும்போது அவன்தான் சொன்னான்: "அக்கா, என் பொண்ணும் மண்டி போடணுமாம். மாட்டேன்னா பேரை எழுதிக்குவாங்களாம்." சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குழு வந்தது. தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா. டேப்பை வைத்து வட்டங்களை அளந்துகொண்டிருந்தபோது அக்கா துடைப்பத்தோடு முன்னால் வந்தாள்.

"அம்மா, அது தலைவர் முழங்கால் தடம் இல்லீங்க. என்னுது."

வழிகாட்டிக்கு முகம் வெளுத்தது. "என்ன உளர்றீங்க?" என்றார். அக்கா கயிற்றைத் தாண்டி மண்டி போட்டுக் காட்டினாள். டப்பாவுக்கு மூடி மாதிரிப் பொருந்தியது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் தலைவரின் கோட்டு தொங்கியது. அதற்குள் அக்காவைப் போல ரெண்டு பேர் குடியிருக்கலாம்.

நீதிபதி அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு, "இருபத்தாறு வருஷமா அப்படி என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்று கேட்டார்.

"அதைச் சொல்ல மாட்டேங்க. ஒருத்தர் கடவுள்கிட்ட என்ன கேட்டார், கேட்டாரா இல்லையான்னு எந்த அதிகாரியும் விசாரிக்கக் கூடாதுன்னு இந்தச் சட்டத்துலயே எழுதியிருக்கே. அதை வச்சிருக்கிற கண்ணாடியைத் தினம் துடைக்கிறேன், படிக்காம இருப்பேனா?"

நீதிபதி அம்மா டேப்பைச் சுருட்டினார். "கேட்டது என் தப்பு. தீர்மானம் இதோட சரி," என்றார். "உன் வேலைக்கு ஒண்ணும் வராது. ஆனா இது எல்லாருக்கும் பொதுவான இடம்மா. நாளையிலேர்ந்து சாவி எட்டு மணிக்குத்தான்."

"நியாயந்தாங்க," என்றாள் அக்கா. சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள். அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அது. எதற்காக ஆறரைக்கே ஓடினாள் என்பதை அன்றைக்குத்தான் புருஷனிடம் சொன்னாள். அவள் தூங்கியதும் அவன் மகன்களை எழுப்பி என்னவோ குசுகுசுத்தான்.

மறுநாள் ஆறரைக்குத் தெருவே வேடிக்கை பார்த்தது. மகன்கள் ரெண்டு பேர், மருமகள்கள், போர்வையைச் சுற்றிய பேத்தி, எல்லோரும் வாயில் பல்துலக்கியோடு குளிரில் வரிசையாக நின்றார்கள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வாசலில் புருஷன் காவல்.

"என்னங்க, எல்லாரும் வெளியே? அக்கா உள்ளே என்ன பண்றாங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் பதறிப்போய்க் கேட்டார்.

"அது அவ சொந்த விஷயம்ங்க," என்றான் புருஷன்.