நாப்போலிப் பாட்டும் சட்டன் யன்னலும்

லண்டன் சட்டனில், பெண் வீட்டார் இருந்த மாடிக் கட்டடத்தின் கீழே நின்றது நாங்கள் நாலு பேர்: அப்பா, மறுநாள் மாப்பிள்ளையாகப் போகும் அண்ணை, நான், பெட்ஃபோர்டிலிருந்து மண்டலினோடு வந்த வயதான இத்தாலியப் பாட்டுக்காரர். அம்மா வரவில்லை. "சம்பந்தி வீட்டு வாசலில நிண்டு கூத்தடிக்க என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டா.

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். இத்தாலியில், நாப்போலியில், பன்னிரண்டு வருசம் மாடிப்படி கழுவியபோது காதில் விழுந்த பாட்டுகள்தான் அவருடைய படிப்பு. வீட்டில் முதலில் படித்தவன் என்ற முறையில் அவற்றின் சரித்திரத்தை நான் நூலகத்தில் தேடி வாசித்தேன். செப்டம்பர்த் திருவிழாவுக்குப் புதுப் பாட்டுகள் வரும். ஒற்றைத் தாளில் அச்சடித்துத் தெருவில் விற்பார்கள். இசை எழுதத் தெரியாத பட்டறைத் தொழிலாளி விசிலடித்துக் காட்ட, தெரிந்தவர் எழுதிக்கொள்வார். கப்பலேறிப் பிழைக்கப் போனவர்கள் அவற்றை அமெரிக்கா வரை கொண்டுபோனார்கள். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன்.

"அது சரி. லைட்டைப் பற்றி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

கலியாணத்துக்கு முதல்நாள் பெண்ணின் யன்னலுக்குக் கீழே பாட வேண்டும். சம்மதம் என்றால் அவள் அறை லைட்டைப் போடுவாள். போடும்வரை பாட்டை நிறுத்தக்கூடாது. அப்பா கண்ட வழக்கம் அது.

அந்தக் கிழமை அண்ணைக்கும் பெண்ணுக்கும் சண்டை. அவவுக்குக் குரோய்டனில் தனி வீடு வேண்டும். அண்ணைக்கு எங்களோடு இருக்க வேண்டும். மூன்று நாளாகப் பேச்சில்லை. ஆகவே அந்த லைட் அண்ணைக்கு விளையாட்டில்லை.

நேரம் குறித்தது நான். பக்கத்து வீட்டார் கவுன்சிலுக்கு முறையிடாதபடி மாலை ஏழு மணி. ஜூன் மாதம்.

முதல் பாட்டு முடிந்தது. யன்னல் அப்படியே இருந்தது. மூன்றாவதில் அண்ணை நிலத்தைப் பார்த்தார். ஐந்தாவதில், "விடுங்கோ அப்பா. அவவுக்கு விருப்பமில்லை" என்றார்.

"பொறடா. அங்க ஒருத்தி ஏழாம் பாட்டுக்குத்தான் போட்டவள்."

பாட்டுக்காரர் தண்ணீர் கேட்டார்.

ஒன்பதாவது முடிய, பெண்ணே வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தா. "இஞ்சேருங்கோ, இன்னும் எத்தினை பாட்டு? முதல் பாட்டுக்கே லைட்டைப் போட்டிட்டன். மேல எங்கட அப்பா கரண்ட் பில் எண்டு கத்துறார்."

அண்ணாந்து பார்த்தோம். லண்டனில் ஜூனில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் பொழுதுபடும்; கண்ணாடி முழுக்க அடித்த வெயிலில் லைட் எரிவதே தெரியவில்லை.

"படிச்சவன் குறிச்ச நேரம்" என்றார் அப்பா.

"குரோய்டனிலேயே வீடு பாப்பம்" என்றார் அண்ணை.

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒன்பது பாட்டு வேணும்!" என்றா பெண்.

பாட்டு ஒன்றுக்கு நாற்பது பவுண் என்று பேச்சு. அப்பா இரண்டு பாட்டுக்குத்தான் காசு கொண்டுவந்திருந்தார். பாட்டுக்காரரின் பெட்ஃபோர்ட் ரயில் காசோடு எல்லாமாகக் கொடுக்கவேண்டியது முந்நூற்றுத் தொண்ணூறு பவுண்.