அனுமதி இல்லாமல் அப்பா வழக்குப் போடக் கூடாது

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் குற்றம். ஒரு சாயங்காலம், பால்வெட்டுக் கத்தியை மரத்தடியில் மறந்துவிட்டதாகச் சொல்லி அண்ணன் வெளியே ஓடினான். பட்டாளத்துக்காரர்கள் சுட்டுவிட்டார்கள். காட்டிலிருந்த பயங்கரவாதிகளுக்குச் சோறு சுமந்தவன் என்று விசாரணை அறிக்கையில் எழுதினார்கள்.

அந்த ஒரு வரியை அழிக்கத்தான் அப்பா கோர்ட்டுக்கு அலைந்தார். நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. ஆங்கிலம் தெரியும் என்பதால் மனுக்களை எழுதியது நான்தான். முதலில் தோட்டத்துத் துரைமீது வழக்கு. தள்ளுபடி. பிறகு, அண்ணன் கையில் பொட்டலத்தைப் பார்த்ததாகச் சொன்ன தோட்டத்துக் குமாஸ்தா கிராணிமீது. அதுவும் தள்ளுபடி. அதே வழக்கை வார்த்தை மாற்றி இன்னும் இரண்டு முறை போட்டோம். கடைசியில் எங்கள் வேலையை மேற்பார்த்த மண்டோர்மீது. அண்ணன் உடலைத் தோளில் தூக்கிவந்தவர் அவர்.

“அவரு என்னப்பா செஞ்சாரு?”

“பொழுது சாயற நேரத்துல கேட்டுக்கு வெளிய விட்டது அவருதானே. எழுது.”

எழுதினேன்.

சம்மன் வந்த அன்று மண்டோரின் மனைவி எங்கள் வாசலில் வந்து அழுதாள். “ஒங்க புள்ளய எம்புள்ளயாத்தானே பாத்தோம் அண்ணே. எங்களையும் கோர்ட்டுல நிறுத்துறீங்களே.” அப்பா வெளியே வரவில்லை.

அந்த வழக்கோடு கோலாலம்பூர் பெரிய கோர்ட்டில் உத்தரவு போட்டார்கள். திரும்பத் திரும்ப வீண் வழக்குப் போட்டுப் பிறரைத் தொல்லைப்படுத்துகிறார்; இனி நீதிபதியின் அனுமதி இல்லாமல் எந்த வழக்கும் போடக் கூடாது. துபாஷி அதைத் தமிழில் சொன்னார்.

“எம்மவன் குத்தம் செய்யலன்னு சொல்றதுக்கே அனுமதி வாங்கணுமா ஐயா?” என்று அப்பா கேட்டார். துபாஷி அதை நீதிபதிக்குச் சொல்லவில்லை.

அனுமதி கேட்டும் ஒரு மனு எழுதினேன். மறுத்துவிட்டால் நல்லது என்று எழுதும்போதே நினைத்தேன். புதிய ஆதாரம் ஏதுமில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

“நீ சரியா எழுதலயா?”

“சரியாத்தான் எழுதினேன்ப்பா.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் எதையும் எழுதச் சொல்லவில்லை. தானே தமிழில் கிறுக்கிக் கோல சிலாங்கூர் கோர்ட்டுக்கு எடுத்துப் போவார். “அனுமதிக் கடுதாசி இல்லாம வாங்க முடியாது லா ஐயா,” என்று திருப்பி அனுப்புவார்கள். மண்டோர் குடும்பம் ரவாங் பக்கம் போய்விட்டது. நாங்கள் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

ஒரு கட்டத்தில் அப்பா போவதை நிறுத்தினார். அறிக்கை மாறவில்லை. அண்ணன் பெயரைச் சொல்வதையும் வீட்டில் விட்டுவிட்டோம்.