பேச்சுவார்த்தை இல்லாத வீட்டின் சாட்சி

என் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், எங்கள் தெருவில் யாரைக் கேட்டார் தெரியுமா? குழாய்த் தண்ணீர்ச் சண்டையில் வருடக்கணக்காக எங்களோடு பேசாத எதிர்வீட்டு ஜெயமேரி அக்காவை! ஜெர்மனியில் கிடைத்திருந்த மேற்படிப்பு போச்சு என்றே நினைத்தேன்.

"இந்தப் பையன் எப்படிம்மா? பொய்த் தகவல் சொன்னா கேஸாயிரும், பாத்துச் சொல்லுங்க."

"எங்களுக்கும் இவுகளுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல சார். இவன் ஆத்தாவுக்கு அம்புட்டு வாய்! ஆனா பய தங்கம். ஒரு வம்புதும்புக்குப் போனதில்ல. எங்கன கையெழுத்துப் போடணும்?"

தண்டனைக்குப் பயந்துதான் அதிகாரிகளிடம் ஜனங்கள் உண்மை பேசுகிறார்கள் என்று நம்பியவன் நான். அக்காவோ அந்த எச்சரிக்கையைக் காதில்கூட வாங்கவில்லை.

போலீஸ்காரர் போனதும் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"ஏலே, உன்கிட்ட யாரு பேசுனா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படியொரு எதிரி எத்தனை பேருக்குக் கிடைப்பார்?