வையாபுரி அடைக்காத பஞ்சு

வையாபுரி இறந்த செய்தியைப் பள்ளிபாளையத்திலிருந்து லோடு ஏற்றி வந்த டிரைவர் ஒருவர், நாமக்கல்லில் என் பட்டறைக்கு முன்னால் லாரியை நிறுத்திச் சொன்னார். "அண்ணா, நம்ம வையாபுரி அண்ணன் காலையில போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாராமா, அவ்வளவுதானுங்க." எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. இனி அவர் யாரிடமும் சொல்ல முடியாது என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்ததும் எனக்கே பயமாகிவிட்டது. அந்தப் பயம் விரட்டித்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் ஆறேழு வருஷம் நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். இஞ்சின் என் பொறுப்பு, வயரிங் அவர் பொறுப்பு. டீசல் லாரிகள் நிறைந்த ஊரில் ஒரு பெட்ரோல் வண்டி உள்ளே நுழைந்தால் போதும், மணல் வாளியைத் தேடுவார். பீடி பிடிக்கிறவர்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டுவார். பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் கேலி செய்யாத நாளில்லை. "பயமா இருந்தாத்தானே மாப்ளே பாத்துச் செய்யத் தோணும்" என்பார், கோபமே இல்லாமல்.

வையாபுரி பூசைக் கற்பூரத்தை அணைத்த கதையை நம் பட்டறைக்காரர்களில் பலர் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

போர்க் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரி முதலாளி ஒருவர் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தார். இரண்டே சீட்டு, மேலே கூரை இல்லை. இஞ்சின் செத்துப்போயிருந்ததால் வேறொரு காரின் இஞ்சினை ஏற்றினோம். அதற்குப் பழைய பம்பு ஒத்துவரவில்லை. பேட்டரியில் ஓடும் பெட்ரோல் பம்பு ஒன்றைச் சீட்டுக்குப் பின்னால் டிக்கித் தகரத்தில் முடுக்கினோம். கார் நன்றாகவே ஓடியது. பம்பு மட்டும் டக் டக்கென்று ஓயாமல் அடித்தது.

"ஏனுங்க, முதுகுக்குப் பின்னால பல்லி கத்திக்கிட்டே வருதுங்க. சகுனம் சரியில்லைன்னு எங்கம்மா ஏற மாட்டேங்கறாங்க. வெள்ளிக்கிழமை பூசை போடோணும், அதுக்குள்ள நிறுத்திக் குடுங்க" என்றார் முதலாளி.

வையாபுரி தகரத்தில் காதை வைத்துக் கேட்டார். "பம்பு மெதுவாத்தான் அடிக்குது மாப்ளே. தகரந்தான் அதை வாங்கி மேளமாட்டம் கொட்டுது. நேரா முடுக்காம ரப்பர்ல தொங்க விட்டாச் சரியாப் போயிரும்" என்றார். வெள்ளிக்கிழமை காலை ரப்பர் புஷ் வாங்கச் சேலம் போனார். போகும்போது, "நான் வாரவரைக்கும் பம்பைத் தொடாதே" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் தொட்டேன். நல்ல நேரம் போய்விடும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். நம் பக்கத்தில் எதற்கும் கை முதலில் போவது கழிவுப் பஞ்சுக்குத்தானே! பம்பைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி வைத்து, மில்லிலிருந்து வந்த கழிவுப் பஞ்சை அதில் இறுக அடைத்தேன். சத்தம் சுத்தமாக நின்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடைத்த அடைப்பில் பெட்ரோல் ஹோஸின் கிளிப் நழுவியதை நான் பார்க்கவில்லை.

பூசை தொடங்கியது. முதலாளியின் நாலு வயது மகள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவள் ஹாரன் அடிக்க ஆசைப்பட்டதால் சாவியைத் திருப்பி வைத்திருந்தார்கள்; சாவி திரும்பினால் பம்பும் ஓடும். பூசணிக்காய் மேல் கற்பூரத்தை ஏற்றி முதலாளி காரைச் சுற்றி வந்தார். பெட்ரோல் வாசனை எனக்கும் வந்தது. எப்போதும் உள்ள பட்டறை வாசனை என்று நின்றேன்.

இரண்டாவது சுற்றில் வையாபுரி பஸ் இறங்கி வந்தார். வந்தவர் டிக்கிமேல் உள்ளங்கையை வைத்தார். இஞ்சின் ஓடாதபோது பம்பு நாலைந்து அடி அடித்து நின்றுவிட வேண்டும். அது நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் அன்று பார்த்த பயத்தை நான் வேறு எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை. ஓடிப்போய் எரிகிற கற்பூரத்தை வெறுங்கையால் பொத்தி அணைத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டார், சாவியைத் திருப்பிப் பம்பை நிறுத்தினார். பூசணிக்காய் கீழே விழுந்து உடைந்தது.

"சாமி நெருப்பை அணைச்சுப்போட்டயேடா, பாவி!" என்று முதலாளி கையை ஓங்கினார். வையாபுரி டிக்கியைத் திறந்தார். பெட்டியிலிருந்த பஞ்சு முழுவதும் பெட்ரோலில் ஊறி அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி மகளைப் பிடுங்கி அணைத்துக்கொண்டார். "யாருடா இதை இப்படி அடைச்சது?" என்றார்.

நான் உடைந்த பூசணித் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன். வையாபுரி ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார்.

"நாந்தானுங்க. தப்பு என்னுதுங்க."

முதலாளி அடித்த அறையையும் அவர்தான் வாங்கிக்கொண்டார். அதன்பின் அவரை நம்பி யாரும் வண்டியைத் தொடவிடவில்லை. பள்ளிபாளையம் போய் விசைத்தறி மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிப் பிழைத்தார். போவதற்கு முன்னால் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். "எனக்குப் பயந்து பழக்கம் மாப்ளே. நீ தாங்கியிருக்க மாட்டே" என்றார். அதற்குப் பிறகு அவர் என் பட்டறைப் பக்கம் வந்த ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் டீ குடித்துவிட்டு, தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்.

செய்தி கேட்டதும் கிளம்பி, உடலை எடுப்பதற்கு முன்னால் பள்ளிபாளையம் போய்ச் சேர்ந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இத்தனை வருசத்துல அவரு கையில ஒரே ஒரு தப்புத்தானுங்க அண்ணா, அந்தக் காருதான். அதை நெனச்சு நெனச்சே மருகுவேன். அவரு ஒண்ணுமே பேச மாட்டாரு."

மனைவியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

வையாபுரியின் பொருள் என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான்: உண்மையைச் சொல்லப் பத்துப் பதினோரு வருஷம் எனக்கு அவர் கொடுத்த அவகாசம். அதை அவர் உயிரோடு இருக்கும்போது நான் பயன்படுத்தவில்லை. தங்கச்சி, உன் புருஷன் கையில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பஞ்சை அடைத்தது நான்.