தூள் ரூமில் காய்ந்த விமானம்

நான்கு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம் நடந்தது இது. குன்னூருக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் நான் அலுவலக கிளார்க். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

எனக்குக் கொஞ்சம் விசித்திரமான பொழுதுபோக்கு. இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானங்களின் பிளாஸ்டிக் மாடல் பாகங்களை வரவழைத்து, ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து முழு விமானமாக்குவேன். முடித்தபின் இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும். விமானியின் இருக்கை ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி சண்டை பிளேனு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கோ அதில் உட்கார்ந்தால் சோறு தண்ணீர் நினைவு இருக்காது.

அந்த வருடம்தான் முதல் முறையாகக் கோவையில் நடக்கும் ஒரு மாடல் கண்காட்சியில் எனக்கு இடம் கிடைத்தது. ஒரு ஹரிகேன் போர் விமானத்தைச் செய்துகொண்டிருந்தேன். இடுக்குகளை அடைக்கப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மூடிக்கு டேப் ஒட்டி எல்லாம் முடித்தாயிற்று. பெயிண்ட் மட்டும்தான் பாக்கி. ஆனால் பத்து நாளாக வெயில் முகமே இல்லை. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து குடியிருந்தது. அடித்த பெயிண்ட் பிசுபிசுவென்று நின்றது. ஒருமுறை வெள்ளையாகப் பூத்துப்போய், மொத்தத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை ஆகியும் இறக்கை காயவில்லை.

எங்கள் ஃபேக்டரியில் எந்த மழையிலும் உலர்ந்தே இருக்கிற அறை ஒன்று உண்டு. தேயிலைத் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் இடம். தூள் ரூம் என்போம். தூளில் ஈரம் ஏறிவிடக் கூடாது என்று ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தூளுக்கு இன்னொரு குணமும் உண்டு. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் அப்படியே இழுத்துக்கொள்ளும். அதனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, தைலம் தேய்க்கக் கூடாது. கதவில் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீஸை டைப் செய்து ஒட்டியதே நான்தான்.

அந்த நான்தான், புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், விமானத்தை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்துத் தூள் ரூமுக்குள் கொண்டுபோனேன். வைத்துவிட்டு வந்திருந்தாலாவது பரவாயில்லை. அங்கேயே உட்கார்ந்து பச்சையும் பழுப்புமாக இன்னொரு கோட் அடித்து, பிரஷ்ஷைப் பெயிண்ட் கரைக்கும் நெடியான தின்னரில் கழுவினேன். பெட்டியைத் திறந்தபடியே, தூள் கொட்டி வைத்திருந்த தொட்டிகளுக்கு மேலே அலமாரியின் மூலையில் வைத்தேன். இத்துனூண்டு பெயிண்ட் என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் எல்லோரும் போனபின் எடுத்தபோது பெயிண்ட் பட்டு மாதிரி காய்ந்திருந்தது.

மறுநாள் காலை, ஃபேக்டரியின் தலைவரான டீ மேக்கர் வழக்கம்போல புதுத் தூளில் போட்ட டீயை ருசி பார்க்க ஒரு வாய் உறிஞ்சினார். உடனே துப்பினார். ஏதோ மருந்து நாற்றம் அடிக்கிறது என்றார். முந்தின நாள் தூள் முழுவதையும் ஒதுக்கச் சொல்லிவிட்டு, தூள் ரூம் பெண்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"நேத்து எவ என்னத்தப் பூசிட்டு வந்தீங்க?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு அக்கா முன்னால் வந்தார். ஐம்பது தாண்டியவர். முழங்கால் தேய்ந்துபோனதால்தான் கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து அவரைத் தூள் ரூமுக்கு மாற்றியிருந்தார்கள்.

"நாந்தானுங்க. வலி பொறுக்காம நேத்துக் காலைல முட்டிக்குத் துளி தைலம் தேச்சுட்டனுங்க. சேலைக்குள்ளதான இருக்குதுன்னு நெனச்சுப்போட்டனுங்க."

நான் பக்கத்தில்தான் ரிஜிஸ்தரோடு நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. ஒரு பொம்மை விமானத்துக்காகவா என்று அத்தனை பேர் முன்னால் டீ மேக்கர் சிரிப்பார், ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கும் போக முடியாமல் ஆகிவிடும், அவ்வளவுதான் என் காரணம். அன்றைக்கே அக்காவை மறுபடி கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். கொட்டும் மழையில், வழுக்கும் சரிவில், முதுகில் கூடையோடு.

வெள்ளிக்கிழமை அவர் நனைந்த சேலையோடு என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்கம்மா, டீ மேக்கர் அய்யாவுக்கு ஒரு மன்னிப்பு லெட்டர் அடிச்சுத் தர்றீங்களா? என்னால அத்தனை தூளும் வீணாப்போச்சுங்களே."

அடித்துக் கொடுத்தேன். 'எனது கவனக்குறைவால்' என்று தொடங்கி, எங்கேயும் பிழையில்லாமல், அழகான தமிழில். நான் செய்த தப்புக்கு அவர் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோவைக்கும் போனேன். ஒருவர் என் விமானத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மலைப் பனியில் பெயிண்ட்டை இவ்வளவு சுத்தமாக எப்படிக் காய வைத்தீர்கள் என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அதைப் பைக்குள் மடித்துத் திணித்தேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா லீவு கேட்டு வந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. வீட்டிலாவது தைலம் தேய்க்கலாமே என்று கேட்டேன்.

"அன்னைக்கே வீசிட்டனுங்க. ஊட்லகூடத் தேய்க்கறதில்லீங்க. மேல வாசம் ஒட்டிக்கிட்டா அப்பறம் மறுபடி தூள் ரூமுக்குள்ள விடமாட்டாங்கல்லங்க?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. விமானம், பெயிண்ட், தின்னர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார், காறித் துப்புவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் கெடுக்கலீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். நம்ப முடியாமல் இன்னொரு முறையும் அதையே கேட்டார்.

அப்போதே அவரை அழைத்துக்கொண்டு டீ மேக்கரிடம் போய்ச் சொன்னேன். நான் பயந்தபடியே முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. அடுத்த வாரம் அக்கா தூள் ரூமுக்குத் திரும்பினார்.

இன்றைக்கும் அவர் உள்ளே நுழையும் முன் கதவருகில் நின்று, இரண்டு கைகளையும் முந்தானையையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். வேண்டாம் அக்கா, உங்கள் மேல் தப்பில்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். இருக்கட்டுங்க என்பார். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று வாரம் அவருக்குள் இன்னும் முடியவில்லை. அதைத் தினமும் காலையில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் என் நாற்காலியில் போய் உட்காருகிறேன்.