மதினி கண்ணாடியைக் கழற்றினால் ஆமென்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மற்ற சொந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

என் அண்ணன் மனைவி, எனக்கு மதினி, இறந்து போய் ஒரு வருடம் ஆகிறது. மதினியின் மகன், எனக்கு மருமகன், சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். இந்த மலரை அவன்தான் அடிக்கிறான். "அத்தே, உங்களுக்கு ரெண்டு பக்கம் விட்டிருக்கேன். எழுதலைன்னா வெள்ளையாத்தான் போகும்" என்றான். அதனால் எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்பு. பிழை இருந்தால் அவன் திருத்திக்கொள்வான்.

மதினி பிறந்தது மல்லாங்கிணற்றில். அவர்கள் அப்பா மழையை நம்பி மல்லியும் சோளமும் போட்டவர். ஐந்து பிள்ளைகளில் மதினி மூத்தவர்கள். பத்தாவது வரை படித்தார்கள். ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கம் சபைக் குருவை ஐயர் என்போம். அவர் வீட்டம்மாவை ஐயரம்மா என்போம். என் அண்ணன் குருப்பட்டம் வாங்கிய வருடம் பெண் பார்க்கப் போனோம். அங்கே ஒரு பெரியம்மா எங்கள் அம்மா காதில், "பொண்ணு தங்கமான பொண்ணு. சிரிச்சா மட்டும் மூணு வீட்டுக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. ஐயரம்மாவாகப் போகிறவள் சத்தமாகச் சிரிக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டார்கள். அண்ணன், "நான் பேசுனா பாதிப் பேரு தூங்குதாக. வீட்டுல ஒரு ஆளாவது சத்தமா இருக்கட்டும்மா" என்றார்கள். கல்யாணம் நடந்தது. மூன்று வீட்டுக்கு என்று சொன்னது குறைவு.

எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அம்மா அப்பா போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். பெட்டியோடு வாசலில் நின்றேன். மதினி என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை. "ஏ ஞானம், அந்தப் பருப்பை எறக்கு, அடிப்பிடிக்கப் போகுது" என்றார்கள். இறக்கி வைத்தேன். அப்படியே இருந்துவிட்டேன்.

அண்ணனுக்கு மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு மாற்றல் வரும். ஆறு ஊர் பார்த்தோம். ஊர் மாறும்போது நான் தீப்பெட்டிக் கம்பெனி மாறினேன். கம்பெனி இல்லாத ஊர் இந்தப் பக்கம் இல்லை. எந்த ஊரிலும் வீடு எங்களுடையது இல்லை, சபையுடையது. குருமனை என்பார்கள். முதல் ஊரில் மழைக்கு எல்லா மூலையும் ஒழுகியது. மதினி கட்டிலை நடு வீட்டில் போட்டு, அதன்மேல் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம். மதினி சிரித்த சிரிப்பில் மேலத் தெருவிலிருந்து ஆள் வந்து, என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

குருமனைக் கதவுக்குப் பகலில் தாழ்ப்பாள் கிடையாது. புருஷன் பெண்டாட்டி சண்டை வரும். ரேஷன் கார்டு வரும். பிள்ளைக்குப் பேர் வைக்க வருவார்கள். காணாமல் போன ஆட்டைத் தேடித் தரச்சொல்லி ஒருவர் ஜெபம் கேட்டு வந்தார். அண்ணன் ஜெபத்துக்கு முழங்கால் போட்டார்கள். மதினி பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தார்கள். ஆடு எங்கள் வாழை இலையைத் தின்றுகொண்டு நின்றது. "ஐயரே, ஆமென் சொல்லுங்க. ஆடு வந்திருச்சு" என்று அங்கிருந்தே கூப்பிட்டார்கள்.

கடைசி ஊர் இது, சாத்தூர்ப் பக்கம். ஆடி மாதம் இருக்கன்குடிக்கு நடக்கிற ஜனம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். மதினி குடத்தில் தண்ணீர் வைத்து ஊற்றுவார்கள். சபைக் கமிட்டியில் ஒரு பெரியவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஐயரம்மா, மாரியம்மங் கோயிலுக்குப் போறவகளுக்கு நாம தண்ணி ஊத்துனா நல்லாருக்குமா?"

"ஏன், அவுக காலு நடந்தா வலிக்காதா? எனக்குக் கை வலிக்கி. இந்தச் செம்பைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். சாயங்காலம் வரை அவர்தான் ஊற்றினார். மறு வருடம் அவரே குடத்தோடு வந்தார். அவர் இன்று இந்த நினைவு ஆராதனையில் இருக்கிறார். தன்னைப் பற்றி எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இனி கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் நல்லவர்கள். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மற்ற ஊர்களில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே வந்த முதல் வருடம் தீபாவளி சீசன். சீசனில் வெடிக் கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. ஒன்பதரைக்குக் கம்பெனி வேன் எங்கள் சபைக் கோயில் வாசலுக்கு வரும். எங்கள் சபைப் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஆராதனைக்கு வந்து, முடிந்ததும் ஏறிப் போவார்கள். அன்று அண்ணன் பேசி முடித்தபோது மணி பத்து. வேன் போய்விட்டது. பதினோரு பேர் வாசலில் நின்றார்கள். சோறு இருந்த தூக்குச்சட்டியோடு வீட்டுக்கு நடந்தார்கள்.

மதினி வீட்டுக்கு வந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயரே, நீங்க பரலோகத்துக்கு வழி சொல்லி முடிக்கதுக்குள்ள அச்சங்குளத்துக் கம்பெனி வேன் போயிருச்சு."

"யாராவது சொல்லியிருக்கலாம்ல?"

"பீடத்துல நிக்கிற ஆளை யாரு நிப்பாட்டுவா?"

"நீ நிப்பாட்டு."

"எப்படி? எந்திரிச்சு விசில் அடிக்கவா?"

அண்ணன் யோசித்தார்கள். "நேரமாயிட்டா கண்ணாடியக் களட்டு. நான் முடிச்சிருதேன்."

அன்றிலிருந்து அதுதான் நடப்பு. பெண்கள் பக்கம், முதல் பெஞ்சு, ஜன்னல் ஓரம் மதினியின் இடம். மதினி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தால் அண்ணன் ஆமென் சொல்லுவார்கள். சபைக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் பீடத்தைப் பார்க்காமல் மதினியையே பார்ப்பார்கள். பெரியவர்களும் சும்மா இல்லை. "ஐயரம்மா, இன்னைக்கு ஒரு பத்து நிமிசம் முன்னால களட்டுங்கம்மா. வீட்டுல கோளி கெடக்கு, மருமக ஒளுங்கா வைக்க மாட்டா" என்று ஒரு அம்மா கெஞ்சியதை நானே கேட்டேன்.

ஒரு ஞாயிறு மேலிடத்திலிருந்து மூத்த குரு ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் நாலு நாள் எழுதித் தயார் செய்திருந்தார்கள். ஆரம்பித்து ஆறு நிமிடம் இருக்கும். மதினி கண்ணில் தூசி விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணன் ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றார்கள். மதினியைப் பார்த்தார்கள். ஆமென் என்றார்கள். மதினி அவசரமாகக் கண்ணாடியை மாட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்கள். அதற்குள் சபை எழுந்து பாட ஆரம்பித்துவிட்டது. மூத்த குரு குருமனைக்கு வந்துவிட்டுப் போகும்போது, "இவ்வளவு சுருக்கமாப் பேசுற ஐயரை நான் பார்த்ததில்லை" என்று அண்ணன் கையைப் பிடித்துச் சொன்னார். மதினி அடுப்படிக்குள் போய்ச் சிரிப்பை அடக்க வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

மதினி சிரிக்காத இடமும் உண்டு. சாவு வீட்டில் மதினி வேத வசனம் சொல்ல மாட்டார்கள். நேரே அடுப்படிக்குப் போவார்கள். கிடக்கிற பாத்திரத்தைத் துலக்கி, டீ போட்டு, எல்லார் கையிலும் கொடுப்பார்கள். வெடி விபத்தில் மூன்று பேர் போன தெருவில் மூன்று வீட்டிலும் மதினி பாத்திரம் துலக்கினார்கள். இரண்டு நாள் எங்கள் வீட்டில் சத்தம் இல்லை.

மதினிக்குச் சர்க்கரை வெகுநாளாக உண்டு. போன வருடம் சிறுநீரகத்தைப் பிடித்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சபைப் பெண்கள் முறைவைத்து வந்து பார்த்தார்கள். ஒரு மத்தியானம் அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்று ஜெபித்தார்கள். நீண்டுகொண்டே போனது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மதினி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். "ஐயரே, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குச் சோறு ஆறுது. அவுக நம்மளப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி உக்காந்திருக்காக" என்றார்கள். அந்த அம்மா, "பரவால்ல, சாமி நல்லாத்தான் சொல்றாரு" என்றார். மதினி சிரித்தார்கள். இருமல் வந்துவிட்டது. அதுதான் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு. ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டார்கள்.

ஊரில் சாவு என்றால் முதலில் குருமனைக்கு வந்துதான் சொல்லுவார்கள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள், மதினி பின்னால் போவார்கள். எங்கள் வீட்டில் சாவு என்றதும் யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியில் மதினியோடு வந்து இறங்கினோம். கோலம் போடாத எங்கள் வாசலை யாரோ பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அடுப்படியில் ஏழெட்டுப் பெண்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். வசனம் யாரும் சொல்லவில்லை. என் கையில் டீயைக் கொடுத்தார்கள்.

அடக்க ஆராதனையைப் பக்கத்து ஊர்ச் சபையின் ஐயர் நடத்தினார். அடுத்த இரண்டு ஞாயிறும் வேறு ஆள் வந்து பேசினார்கள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பணி ஓய்வுக்கு இரண்டரை வருடம் பாக்கி. முன்னாலேயே போய்விடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். மேலிடத்துக்கு ஓய்வு கேட்டு ஒரு தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்தார்கள். மூன்றாம் ஞாயிறு காலையில் அங்கியை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குப் பேச வரலைன்னா அந்தத் தாளை அனுப்பிருவேன், ஞானம்" என்றார்கள்.

அண்ணனுக்கு ஆரம்பிக்க வராது என்றுதான் பயந்தேன். முடிக்க வராது என்று நினைக்கவில்லை.

நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். குரல் நடுங்கவில்லை. மதினியின் இடத்தில் யாரும் உட்காரவில்லை, நான் அதற்கு அடுத்து உட்கார்ந்திருந்தேன். அரை மணி ஆனதும் அண்ணன், "கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்றார்கள். ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார்கள். திரும்பப் பேசினார்கள். மறுபடியும் கடைசியாக ஒன்று என்றார்கள். மறுபடியும் ஜன்னல் ஓரம். இப்படி நான்கு தடவை. சொன்னதையே சொன்னார்கள். முகமெல்லாம் வேர்வை. நிறுத்த முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மணி ஒன்பதரை. சீசன் நேரம். வெளியே வேன் ஒரு தடவை ஹாரன் அடித்தது. தூக்குச்சட்டி வைத்திருந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. பின்னால் இருந்த ராஜகனி என் தோளைத் தொட்டு, "அக்கா, நாங்க போகலை. ஐயர் பேசட்டும்" என்றாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இருக்கத் துணிந்துவிட்டார்கள். தன்னால்தான் வேன் போய்விட்டது என்று பின்னால் தெரிந்தால் அண்ணன் அந்தத் தாளை அன்றே தபாலில் அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது நிச்சயம்.

எனக்குக் கழற்றக் கண்ணாடி இல்லை. எழுந்து நின்றேன்.

"அண்ணே, வேன் வந்திருச்சு."

கோயிலுக்குள் நான் அண்ணனை ஐயர் என்றுதான் சொல்லுவேன். அன்று அப்படி வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார்கள்.

"எம்புட்டு நேரம் பேசிட்டேன்?"

"மதினி இருந்தா மூணு தடவ களட்டியிருப்பாக."

ஆண்கள் பக்கம் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு கோயில் முழுக்க. அண்ணனும் சிரித்தார்கள். அங்கிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆமென் என்றார்கள்.

பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். வேன் டிரைவர் முத்துப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றிருந்தார். "பைய வாங்க. ஐயரு முடிக்காம நான் எங்கன போகப்போறேன்? இந்த வாசல்ல அந்தம்மா குடுத்த டீ எம்புட்டுன்னு எனக்கே தெரியாது" என்றார்.

மத்தியானம் அண்ணன் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தாளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வருடம் ஒன்றாயிற்று. அண்ணன் இங்கேதான் இருக்கிறார்கள். நேரமானால் நான் எழுந்து நிற்பேன். மதினி அளவுக்கு நேரம் தெரியவில்லை என்று சபையில் குறை உண்டு. சரிதான்.

ஆஸ்பத்திரிக்கு முறைவைத்து வந்தவர்களுக்கும், இரத்தம் கொடுத்த வாலிபர்களுக்கும், எங்கள் அடுப்படியில் பாத்திரம் துலக்கியவர்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய ஐயருக்கும், அன்று பெஞ்சைவிட்டு எழாத ராஜகனிக்கும் மற்ற பெண்களுக்கும், முத்துப்பாண்டிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பேர் விட்டுப்போனவர்கள் வீட்டுக்கு வாருங்கள். நேரில் சொல்லுகிறேன்.

இன்றும் சீசன் ஞாயிறுதான். நீங்கள் இதை வாசிக்கும்போது அண்ணன் பீடத்தில் மதினியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். கம்பெனியில் போய்ச் சொல்லிவிட்டேன். வேன் இன்றைக்குப் பத்தரைக்குத்தான் வரும். அண்ணனுக்கு இது தெரியாது. பேசட்டும். நான் எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நாத்தனார் ஞானம்